பெரிய மாத்திரையை நிறுத்திவிட்டேன், இனி சுகர் இறங்காதுதானே?

பாலக்கோடு பக்கத்திலிருந்து பட்டுப்புழு வளர்க்கும் விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 57, சுகர் வந்து ஒன்பது வருடம், கூடவே பிரஷரும். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"புழு கடைசிப் பருவத்தில் இருந்த நேரம். காலை ஐந்து மணிக்கு மாத்திரையெல்லாம் போட்டு, சர்க்கரை இல்லாத வரக்காப்பி குடித்துவிட்டுத் தழை வெட்டப் போனேன். எட்டரைக்கு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கை நடுங்கவில்லை, படபடப்பு இல்லை, வேர்வை மட்டும் ஊற்றியது. வீட்டுக்காரியை என்னென்னவோ திட்டினேனாம், எனக்கு ஞாபகமே இல்லை. மெஷினில் 48. பையன் வாயில் சர்க்கரையைப் போட்டான், தெளிய முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு வாரம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்குப் பனியன் நனைந்து எழுந்தேன், 61. அதற்கப்புறம் நானே முடிவெடுத்து, 1000 போட்ட பெரிய மாத்திரையை இரண்டு வேளையும் நிறுத்திவிட்டேன். சின்னது வெறும் 2 தானே, அதை விடவில்லை, வேலை அதிகமான நாளில் மட்டும் பாதியாக உடைத்துப் போடுகிறேன். படுக்கும்போது பிஸ்கட் சாப்பிடுகிறேன். இப்போது வெறும் வயிற்றில் 210, 230 என்று காட்டுகிறது. அப்படியும் போன வாரம் ஒரு நாள் 66. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார், ஏனென்றால் போன முறை என் மூன்று மாத சராசரி 6.3, சபாஷ் என்று அவரே சொன்னார். நான் செய்வது சரியா? என் அக்கா இன்சுலின் போடுகிறார், அவரும் இப்படிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாமா?"

அண்ணா, நீங்களாக மாத்திரையைக் குறைத்ததற்கு நான் திட்டப்போவதில்லை. 48 வரைக்கும் இறங்கிப் பார்த்த மனுஷன் பயப்படவில்லை என்றால்தான் ஆச்சரியம். ஆனால் நீங்கள் குறைத்த மாத்திரை தப்பான மாத்திரை. திருடனைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுக் காவல்காரனைக் கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

நல்லவேளை, மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பெரிய மாத்திரை மெட்ஃபார்மின். அதன் முக்கிய வேலை, ஈரல் ராத்திரியும் பகலும் ரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கிற சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது. கணையத்தை அது விரட்டுவதில்லை, அதனால் தனியாகச் சாப்பிடுகிறவருக்கு அது லோ சுகரைக் கொண்டுவருவது ரொம்ப அபூர்வம். சின்னது கிளிமெபிரைடு. அதற்கு நீங்கள் சாப்பிட்டீர்களா, வரப்பில் நிற்கிறீர்களா, தூங்குகிறீர்களா என்பதெல்லாம் தெரியாது, உள்ளே போனதும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும், ஒரு முறை போட்டால் ஏறக்குறைய நாள் முழுக்க அதன் வேலை நடக்கும். 1000 மில்லிகிராம் பெரியது, 2 மில்லிகிராம் சின்னது என்று நினைத்துவிட்டீர்கள். மருந்தில் அப்படிக் கணக்கே கிடையாது. மிளகாயையும் பூசணிக்காயையும் எடை போட்டுக் காரம் பார்ப்பீர்களா?

இப்போது உங்கள் அளவுகளைப் பாருங்கள். மெட்ஃபார்மினை நிறுத்தியதால் ஈரலுக்குக் கடிவாளம் போய்விட்டது, அதனால் வெறும் வயிற்றில் 210, 230. அதற்கு மேல் படுக்கும்போது பிஸ்கட். கிளிமெபிரைடு மட்டும் அப்படியே ஓடுவதால் சாப்பாடு தள்ளிப்போகிற நாளில் 66. ஏறுகிற கஷ்டமும் இறங்குகிற பயமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

சரி, அந்தக் காலைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த மூன்றரை மணி நேரம்தான்.

நாலாவது தோலுரிப்பு முடிந்த புழுவுக்கு எவ்வளவு போட்டாலும் போதாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேட்ச்சுக்கு வெட்டுகிற தழையில் பெரும்பங்கு அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் போகிறது. அந்த வாரம் மட்டும் உங்கள் உடம்பு இன்னொரு ஆளின் உடம்பு. குனிந்து வெட்டி, கட்டித் தூக்கி, புழு மனைக்கும் தோட்டத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறீர்கள், தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கிறது, அந்த இழுப்பு வேலை முடிந்த பிறகும் பல மணி நேரம் தொடரும். ராத்திரி இரண்டு மணிக்குப் பனியன் நனைந்தது பகலில் தூக்கிய சுமையால்கூட இருக்கலாம். பேட்ச் இல்லாத வாரத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எழுதிய அதே மாத்திரை இந்த வாரத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது. மாத்திரையை மாற்ற வேண்டும் என்று உங்கள் உள்மனசு சொன்னது சரிதான்.

அடுத்து, கை ஏன் நடுங்கவில்லை? சீட்டில் பிரஷருக்கு அட்டெனலால் 50 இருக்கிறது. சுகர் இறங்கும்போது உடம்பு அட்ரினலினை அவிழ்த்துவிட்டு நம்மை எழுப்பும், நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் வருகின்றன. அட்டெனலால் வகை மாத்திரைகள் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடும். வேர்வையை மட்டும் தடுக்காது. அதனால் உங்களுக்கு வேர்வைதான் மணி, அதுவும் காலைக் குளிரில், காரணம் இல்லாமல் பின்கழுத்து ஈரமானால் அடுத்த கட்டுத் தழையைத் தொடாமல் உட்கார்ந்துவிடுங்கள். இதைப் படித்துவிட்டு அட்டெனலாலைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து, நெஞ்சு படபடத்துப் பிரஷர் எகிறும். டாக்டர்தான் வேறொன்றுக்கு மாற்ற வேண்டும்.

அப்புறம் அந்த முக்கால் மணி நேரம். சர்க்கரை போட்டும் தெளியவில்லை என்றால் வீட்டில் எல்லோரும் எவ்வளவு பதறியிருப்பார்கள்! சீட்டில் மூன்றாவதாக இருக்கிற, மூன்று வேளையும் முதல் கவளத்தோடு போடச் சொன்ன அந்தக் குட்டி மாத்திரை வோக்லிபோஸ். சாப்பாட்டில் இருக்கும் மாவையும் சர்க்கரையையும் குடல் உடைக்கிற வேலையை அது மெதுவாக்கும், சாப்பிட்டவுடன் சுகர் எகிறாமல் இருப்பதற்காக. நாம் காப்பியில் போடுகிற சர்க்கரை, வெல்லம், மிட்டாய் எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ், உடைத்த பிறகுதான் ரத்தத்தில் சேரும். நீங்கள் ஐந்து மணிக்கே எல்லா மாத்திரையையும் சேர்த்து விழுங்கிவிட்டதால், பையன் போட்ட சர்க்கரைக்கு அது குறுக்கே நின்றிருக்க வாய்ப்பு உண்டு. வோக்லிபோஸ், அக்கார்போஸ் எடுக்கிறவர்களுக்கு லோ சுகர் வந்தால் குளுக்கோஸ் பவுடர்தான் மருந்து, அது உடைக்கத் தேவையில்லாமல் நேராகச் சேரும். மாம்பழ ஊரில் இருந்துகொண்டு சொல்ல மனசு வரவில்லை, ஆனால் மாம்பழச் சாறும் உங்களுக்கு அவசரத்துக்கு ஆகாது, பழுத்த மாம்பழத்தின் இனிப்பில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.

மெடிக்கலில் குளுக்கோஸ் பாக்கெட் கேளுங்கள், ஆரஞ்சு வாசனை எலுமிச்சை வாசனை போட்டது வேண்டாம், அதில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கலாம், வெள்ளையாக வாசனையில்லாமல் இருப்பதை வாங்குங்கள். 15 கிராம் ஒரு முறைக்கு, அதாவது ஏறக்குறைய மூன்று டீஸ்பூன். ஐந்தாறு பொட்டலமாகக் கட்டி ஒன்று சட்டைப் பையில், ஒன்று வண்டி டேங்க் கவரில், ஒன்று புழு மனையில், ஒன்று படுக்கைக்குப் பக்கத்தில். மெஷினில் 70-க்குக் கீழே வந்தாலே ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பாருங்கள். இன்னும் 70-ஐத் தாண்டவில்லையென்றால் இன்னொன்று. தாண்டியதும் இட்லியோ களியோ ஏதாவது வயிற்றுக்குப் போட வேண்டும், குளுக்கோஸ் வந்த வேகத்திலேயே போய்விடும். மெஷின் கையில் இல்லையென்றால் சந்தேகம் வந்தாலே குடித்துவிடுங்கள், பார்த்துவிட்டுக் குடிக்கலாம் என்று வீடு வரைக்கும் நடக்காதீர்கள். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறும், நீங்கள் வீட்டுக்காரம்மாவைத் திட்டியது அந்த நிலையில்தான். அது உங்கள் குணம் இல்லை என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

விரலைக் குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் நறுக்கிய கையோடு குத்தினால், உள்ளே 60 இருக்கும்போது மெஷின் 150 என்று பொய் சொல்லும்.

இனி நீங்களே செய்துகொள்ளக்கூடியது எது, கூடாதது எது.

நீங்களே செய்யலாம் என்று நான் தைரியமாகச் சொல்வது ஒன்றுதான். சாப்பாடு இல்லையென்றால் சின்ன மாத்திரை இல்லை. கிளிமெபிரைடு என்பது சாப்பாட்டோடு சேர்ந்த மருந்து, கடிகாரத்தோடு சேர்ந்தது அல்ல. ஐந்து மணிக்கு எழுந்ததால் ஐந்து மணிக்கே போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தழை வெட்டி முடித்து எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். வெட்டப் போகும் முன் வரக்காப்பி மட்டும் போதாது, ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழோ, மோர் விட்ட கம்பங்கூழோ குடித்துவிட்டுப் போங்கள். அமாவாசை விரதம், புரட்டாசி சனி, ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிறு, வாந்தி, இப்படிச் சாப்பிடாத எந்த வேளைக்கும் இதே விதிதான். மாத்திரையை மறந்துவிட்டேன் என்று அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவதும் கூடாது.

கூடாதது, பாதி உடைப்பது. உங்கள் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகை, எஸ்.ஆர் என்று போட்டிருக்கும், அதை மறுபடி ஆரம்பிக்கும்போது உடைத்தால் மெதுவாகக் கரையும் ஏற்பாடே கெட்டுவிடும். கிளிமெபிரைடை உடைக்கலாம் என்றாலும், எந்த நாளைக்குப் பாதி என்று நீங்கள் காலையிலேயே ஜோசியம் பார்க்க முடியாது. பாதிதான் சரி என்றால் அதை 1 மில்லிகிராம் மாத்திரையாகவே எழுதி வாங்கலாமே.

அதனால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். திட்டுவார் என்ற பயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைத் தூக்கிப் போடாமல், அதன் பின்பக்கத்தில் காலை எழுந்ததும், மதியம், படுக்கும் முன் என்று அன்றைய அளவுகளையும், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், என்ன வேலை என்பதையும் எழுதுங்கள். பத்து தாள் போதும். வாரத்தில் ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு முறை பாருங்கள். பத்து தாளை ரப்பர் பேண்ட் போட்டு மேஜையில் வைக்கிற நோயாளியை எந்த டாக்டரும் திட்டமாட்டார், எனக்கெல்லாம் அப்படி ஒருவர் வந்தால் அன்றைக்கு டீயே இனிக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியவை. சீட்டில் இரவுக்கும் எழுதியிருக்கிற கிளிமெபிரைடு எனக்குத் தேவையா? காலையில் 2 வேண்டுமா, 1 போதுமா? அதற்குப் பதில் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாதிரி, தனியாக லோ சுகர் கொண்டுவராத மாத்திரைக்கு மாறலாமா? முன்பு இவை விலை அதிகம், காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்தபின் நன்றாக இறங்கிவிட்டது. கடைசியாக கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தோம்? இது முக்கியம். சிறுநீரகம் சோர்ந்தால் சுகர் மாத்திரை உடம்பிலேயே தங்கிப்போகும், அதே அளவு மாத்திரை அதிக அளவாகிவிடும். முட்டி வலிக்கு நீங்களாக வாங்கிப் போடும் வலி மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள், சிறுநீரகத்தைக் கெடுப்பதில் அது முன்வரிசை. மெட்ஃபார்மினையும் கிரியாட்டினின் பார்த்துவிட்டு அவரே மறுபடி ஆரம்பித்துக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, உங்களுக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் மாத்திரைப் பட்டையையும் வெளியில் வாங்கும் பட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெயர் வேறாக இருந்தாலும் கீழே பொடி எழுத்தில் ஒரே மருந்தாக இருக்கும். இரண்டையும் போட்டுக்கொண்டு சுகர் இறங்குகிறதே என்று வருகிறவர்களை நான் மாதம் ஒருவராவது பார்க்கிறேன். எல்லாப் பட்டையையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

6.3-க்கு வருகிறேன். மூன்று மாத சுகர் சராசரியைச் சதவீதமாகக் காட்டும் HbA1c பரிசோதனையின் எண் அது. சபாஷ் வாங்கிய எண்ணைக் குறை சொல்வதில் எனக்குச் சங்கடம்தான். அது சராசரி, அவ்வளவுதான். ஒரு கால் அடுப்பிலும் ஒரு கால் ஐஸிலும் இருந்தால் சராசரிக்கு உடம்பு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 7-ஐ ஒட்டி இருந்தாலே போதும், வயதானவர்களுக்கும் அடிக்கடி இறங்குகிறவர்களுக்கும் 7.5, 8 வரை விட்டுக்கொடுப்பதும் உண்டு. கிளிமெபிரைடு போடுகிற, வெயிலில் சுமை தூக்குகிற ஒருவருக்கு 6.3 வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை முறை இறங்கியது என்பதுதான். அந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

கேழ்வரகுக் களி சாப்பிட்டால் மாத்திரை வேண்டாம் என்ற பேச்சை நம்பி இரவு மாத்திரையில் கைவைக்கிறவர்களும் நம்ம ஊரில் உண்டு, நீங்கள் அதில் இல்லை என்று நினைக்கிறேன். கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து, அரிசிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், நல்ல சாப்பாடு, ஆனால் உருண்டை பெரிதானால் சுகரும் பெரிதாகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு. அவர் கூப்பிட்டால் பதில் சொல்கிறார், விழுங்குகிறார் என்றால் மட்டும் குளுக்கோஸ் தண்ணீர். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சர்க்கரையையும் அடைக்காதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் ஊசியில் குளுக்கோஸ் ஏறியதும் இரண்டே நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, எனக்கு ஒன்றுமில்லை, புழுவுக்குத் தழை போட வேண்டும், வீட்டுக்குப் போகலாம் என்பார். விடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிளிபென்கிளமைடு (உங்கள் கிளிமெபிரைடு வகையைச் சேர்ந்த மாத்திரை) சாப்பிட்டு மயங்கி வந்த ஒரு பாட்டி குளுக்கோஸ் போட்டதும் கலகலவென்று பேசினார், நம்பி அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி பத்து மணிக்கு அதே பாட்டி அதே மயக்கத்தில் திரும்பி வந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த வகை மாத்திரைகள் ஒரு நாளைக்கு மேலும் மறுபடி மறுபடி சுகரை இறக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தும் எனக்குப் புரியவைத்தது அவர்தான். ஒரு நாளாவது அங்கேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூடு விற்கத் தருமபுரி அங்காடிக்கு வண்டி ஓட்டிப் போகும் நாளில் கிளம்பும் முன் ஒரு முறை குத்திப் பாருங்கள், 90-க்கு மேல் இருந்தால் சாவியைத் தொடுங்கள், இல்லையென்றால் முதலில் சாப்பாடு. விற்ற சந்தோஷத்தில் அன்று மாலை பாட்டில் திறக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், சாராயம் ஈரலின் கையைக் கட்டிப்போடும், அவசரத்துக்குச் சர்க்கரை தர ஆள் இருக்காது, விடியற்காலையில்தான் அது தெரியும். போதை என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

அக்காவின் விஷயம் வேறு. இன்சுலின் யூனிட்டைக் கூட்டிக் குறைக்க, அவருடைய டாக்டர் எத்தனை அளவுக்கு எத்தனை யூனிட் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளின்படி செய்யலாம், தாள் இல்லையென்றால் செய்யக்கூடாது. அவர் வீட்டுக்குப் போகும்போது ஒன்றை மட்டும் நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள். குப்பியில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 20 யூனிட் என்று நினைத்துப் போடுவது 50 யூனிட்டாக இறங்கும். மெடிக்கலில் எது இருந்தாலும் கொடுங்க என்று வாங்குகிற வீட்டில் இது நடக்கிறது.

அடுத்த பேட்ச்சுக்குச் சாக்கிப் புழு (இளம் புழு) எடுக்கும் நாள் முடிவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். கடைசி வாரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், புழு மனைக்கு வருவதற்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அதுவரை சாப்பாடு வந்தபின் சின்ன மாத்திரை, பையில் குளுக்கோஸ். மஞ்சப் பையை எடுத்துவைக்கும்போது காலண்டர் தாள்களை மறந்துவிடாதீர்கள்.